தசம் மூன்று என்றால் தசம் மூன்றுதான்

1

இந்த மாதத்தோடு நான் ஜேர்மனிக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வளர்ந்தவன் நான். இப்போது ரைன் நதியோரத்து நகரம் ஒன்றில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனமொன்றில் வேலை. வருடம் ஒன்று நிறையும்போது இங்குள்ள நம்மவர்கள் குளிரைப் பற்றி எழுதுவார்கள், அல்லது கிடைக்காத மீனைப் பற்றி. எனக்கு இந்த முறை ஒரு கூட்டல் கணக்கைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

போன கிழமை என் மகள் மதுரா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நிரல் எழுதப் பழக்குகிறார்கள்.

"அப்பா, இங்க பாருங்கோ. இது பிழையாச் சொல்லுது."

திரையில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.3 வருமா என்று கேட்டிருந்தாள். 'இல்லை' என்று பதில் வந்திருந்தது.

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"அது அப்பிடித்தானாம். கொம்பியூட்டர் எல்லாம் அப்பிடித்தானாம். நூல் கொம்மா ட்ரை கிட்டத்தட்ட வந்தாச் சரியாம்."

எவ்வளவு தமிழில் பேசினாலும் இலக்கங்கள் வந்தவுடன் அவளுக்கு ஜேர்மன் வந்துவிடும். அதைப் பூச்சியம் தசம் மூன்று என்று சொல்லவேண்டும் என்றேன். "தசம் எண்டா என்னப்பா?" என்று சிரித்துவிட்டு, மடிக்கணினியை மூடி வைத்து, கைப்பந்து விளையாடப் போய்விட்டாள். கணினி சொன்ன பதில் அவளை உறுத்தவில்லை. நான்தான் அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

'அது அப்படித்தான்' என்ற அதே பதிலை மூன்று வருடங்களுக்கு முன்னர் நானும் சொன்னேன். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கும், என்னோடு படித்த ஜெசிந்தாவிடம் சொன்னேன். அதனால் என்ன ஆனது என்பதை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

2

விசயம் விளங்குவதற்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லவேண்டும். ஒன்றை மூன்றாகப் பங்கிட்டுத் தசமத்தில் எழுதச் சொன்னால் 0.333 என்று எழுதிக்கொண்டே போவோம், முடியாது. ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, கிட்டத்தட்ட இதுதான் என்போம். கணினி அரை, கால், அரைக்கால் என்று இரண்டிரண்டாகப் பிரித்தே எண்ணுவதால் அதற்கு இதே கரைச்சல் பத்தில் ஒன்றுக்கு வருகிறது. எத்தனை அரைக்கால்களைச் சேர்த்தாலும் பத்தில் ஒன்று சரியாக வராது. ஆகவே மிக மிகக் கிட்டிய ஒன்றை எடுத்துக்கொள்கிறது. மிதவைப்புள்ளி எண் என்பது அதுதான். வேகமானது, உலகத்து மென்பொருளில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. ஆனால் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.3 க்குப் பின்னால் பதினைந்து பூச்சியம் வந்து, அதற்குப் பின்னால் ஒரு நான்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனை மருந்தாளர்களுக்காக ஒரு சின்ன நிரல்மொழி வைத்திருக்கிறது. 'இந்த மருந்து ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்து' என்கிற மாதிரியான விதிகளை அவர்களே அதில் எழுதுவார்கள். நோயாளர் விடுதியில் தாதி மருந்தைப் பதியும்போது விதி ஓடும். அளவு கூடினால் திரை சிவக்கும். அந்த மொழியை வடிவமைத்தவர்களில் நானும் ஒருவன். எண்கள் மிதவைப்புள்ளியாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தவனும் நான்தான். எல்லா மொழிகளும் அப்படித்தானே இருக்கின்றன என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

யோசித்திருக்கவேண்டியவன். வந்த புதிதில் மனைவியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பித்தபோது, வீட்டின் பரப்பளவை எழுதச் சொன்னார்கள். ஊரில் மூன்று தசம தானத்துக்கு எழுதிப் பழகிய கை, 48.750 சதுர மீற்றர் என்று எழுதியது. இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி. புள்ளி போட்டால் ஆயிரம். குடிவரவுக் கந்தோரில் விண்ணப்பத்தை வாங்கிய அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது சதுர மீற்றர் வீட்டில் ஏன் ஒரே ஒரு குளியலறை என்று கேட்டார். சிரித்துவிட்டு, திருத்த ஏலாது, புதிதாகத்தான் பதியவேண்டும் என்றார். பதிவதற்கான அடுத்த தவணை ஆறு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஆறு கிழமையும் என் மனைவி வெள்ளவத்தையில் கட்டின பெட்டியோடு இருந்தாள். எழுதுகிறவன் ஒன்றை நினைத்து எழுத, வாசிக்கிற இடம் வேறொன்றாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது. அதை என் வேலையோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

3

ஜெசிந்தாவும் நானும் உயர்தரத்தில் ஒரே கணித வகுப்பு. வெள்ளவத்தையில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் நூற்றைம்பது பிள்ளைகளை நெருக்கி இருத்தி நடத்தும் ரியூசன். அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஒரு பரீட்சையில், மூன்றின் கீழ் வர்க்கமூலம் இரண்டு என்று விடையை அப்படியே விட்டிருந்தாள். தசமத்தில் எழுதாததற்கு ஒரு புள்ளி வெட்டியிருந்தார்கள். தாளைக் கொண்டுபோய், "சேர், விடை இதுதான். தசமத்தில எழுதினா அது விடைக்குக் கிட்ட நிக்கிற வேற ஒண்டு" என்றாள். புள்ளி கிடைக்கவில்லை. அடுத்த பரீட்சையிலும் அப்படியேதான் எழுதினாள். எனக்கு அப்போது அது வீம்பாகப் பட்டது.

பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். அவள் கொழும்பிலேயே இருந்து, இரத்மலானையில் ஒரு நிறுவனத்தில் சில காலம் வேலை செய்துவிட்டு, வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலைகள் எடுத்துச் செய்தாள். எங்கள் மொழியைப் பரிசோதிக்க ஆள் தேவைப்பட்டபோது நான்தான் அவளுடைய பெயரைச் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீடு. வீடியோவில் பேசும்போது பின்னால் கோயில் மணியும் காகங்களும் துறைமுகத்துக் கப்பலின் ஊதலும் ஒன்றுக்குப்பின் ஒன்றாகக் கேட்கும்.

வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதத்தில் அவள் ஓர் அறிக்கை எழுதினாள். காலையில் 0.1 மில்லிகிராம், மத்தியானம் 0.2 மில்லிகிராம் கொடுக்கவேண்டிய மருந்து. நாளுக்கு உச்ச அளவு 0.3. கணக்கு எல்லைக்குச் சரியாக வருகிறது, ஆனால் திரை சிவக்கிறது என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு என் மேசையில் இருபதுக்கு மேல் அறிக்கைகள். கீழே ஒரு வரி எழுதி அதை மூடினேன்: 'மிதவைப்புள்ளி எண்களின் அறியப்பட்ட இயல்பு. திருத்தம் தேவையில்லை.'

அவள் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள். 'அறிந்தவர் யார்? தாதியா?'

நான் அதைப் பார்க்கவில்லை. மூடிய அறிக்கையை யார் திரும்பத் திறந்து பார்க்கிறார்கள்?

4

இரண்டு மாதம் கழித்து ஒரு மருத்துவமனையின் தலைமை மருந்தாளர் திருமதி லிண்ட்னர் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் மொழியில் முதன்முதலில் விதி எழுதப் பழகியவர்களில் ஒருவர். குரலை உயர்த்தாத பெண்மணி.

நடந்தது இதுதான். குறைமாதக் குழந்தைகளின் விடுதியில் ஒரு தாதி. மத்தியான மருந்தைப் பதியும்போதெல்லாம் திரை சிவக்கிறது. அவர் கையால் கணக்குப் பார்க்கிறார், அளவு சரி. 'தொடர்க' என்று அழுத்திவிட்டுக் கொடுக்கிறார். மூன்று கிழமையாக, ஒவ்வொரு நாளும். ஒரு மத்தியானம் அதே திரை உண்மையான காரணத்துக்காகவே சிவந்தது. வேறொரு மருந்து தவறுதலாக இரண்டு தடவை பதியப்பட்டிருந்தது. தாதியின் விரல் பழக்கத்தில் 'தொடர்க' மீது போய்விட்டது. மருந்தகத்தில் ஊசியை நிரப்பிய உதவியாளர், இவ்வளவு ஏன் என்று கேட்டபடியால் குழந்தைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

"அந்தத் தாதி அழுதுகொண்டிருக்கிறார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். சிவப்பை நம்பவேண்டாம் என்று அவருக்கு மூன்று கிழமையாகப் பழக்கியது உங்கள் மென்பொருள்" என்றார் திருமதி லிண்ட்னர்.

தொலைபேசியை வைத்துவிட்டு, 0.3 என்று தேடினேன். ஜெசிந்தாவின் அறிக்கை வந்தது. என் வரியும் அதன் கீழே அவளுடைய கேள்வியும் இருந்தன. உடனே அவளைக் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம்.

"ஜெசி, அந்த ரிப்போர்ட்டை மூடினது நான்தான்."

"தெரியும். உம்மட பேர்தானே கிடக்கு."

நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"இப்ப என்ன செய்யப் போறீர்?"

"ஒரு சின்ன இடைவெளி குடுப்பம். வித்தியாசம் ஆயிரத்தில ஒண்டுக்குக் குறைவெண்டா சமன் எண்டு எடுக்கட்டும். நாளைக்கே போட்டிடலாம்."

"சின்னது எண்டு ஆர் முடிவெடுக்கிறது, சுதன்?" அவள் குரல் மாறவில்லை. "மில்லிகிராமில எழுதினா 0.3. அதே மருந்தை இன்னொரு ஆஸ்பத்திரியில கிராமில எழுதினா 0.0003. உம்மட ஆயிரத்தில ஒண்டுக்குள்ள முழு மருந்துமே போயிடும். இரண்டு மடங்கு குடுத்தாலும் சிவக்காது. இப்ப சரியான அளவுக்குச் சிவக்குது. பிறகு பிழையான அளவுக்குப் பேசாமல் இருக்கும். எது மோசம்?"

தாளில் எழுதி வைத்திருந்த 'இடைவெளி' என்ற சொல்லை வெட்டினேன்.

"அப்ப நீர் என்ன சொல்லுறீர்?"

"லிண்ட்னர் அம்மா 0.3 எண்டு எழுதினா, அவ நினைச்சது பத்தில மூண்டு. அதுக்குக் கிட்ட நிக்கிற வேற ஒண்டில்லை. எழுதினவ நினைச்சதைத்தான் மொழியும் விளங்கவேணும். எண்ணெல்லாத்தையும் பின்னமாவே வையும். பத்தில ஒண்டு, பத்தில இரண்டு. கூட்டினா பத்தில மூண்டு. அதுக்கு மேல ஒரு துளி வராது."

5

எங்கள் மேலாளர் கார்ஸ்டன் நல்ல மனிதர். ஆனால் எதற்கும் முதலில் 'வேகம்?' என்றுதான் கேட்பார். கூட்டத்தில் எங்கள் ஆட்கள் ஆறு பேர், திரையில் ஜெசிந்தா. தொடங்குமுன்னர் நான் எழுந்து, மிதவைப்புள்ளியைத் தெரிவு செய்தது என் முடிவு என்றும் அறிக்கையை வாசிக்காமல் மூடியதும் நான் என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் ஜேர்மன் இலக்கணம் முழுக்க உடைந்திருந்தது. ஒருவரும் திருத்தவில்லை.

கார்ஸ்டன் அவளிடம் கேட்டார். பின்னக் கணக்கு மெதுவானது இல்லையா?

"ஓம், பல மடங்கு மெதுவானது" என்றாள் ஆங்கிலத்தில், அந்த 'ஓம்' மட்டும் தமிழில் வந்துவிழ. பிறகு, இருக்கிற விதிகளிலேயே பாரமான விதியை, ஒரு முழு விடுதிக்கும் இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினாள். கணினிக்கு அது பல மடங்காக இருந்தாலும், பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "நாங்கள் வானிலை கணிக்கவில்லை. ஒரு நோயாளிக்குச் சில நூறு கணக்குகள்தான்" என்றாள்.

கார்ஸ்டன் தலையாட்டினார். அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருந்தால் முடிவு அப்போதே அவள் பக்கம்தான். ஆனால் அவள், "என் யோசனையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றையும் பாருங்கள்" என்று அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

முதலாவது, ஒரு மருந்து ஒரு மாதம் முழுக்க மணிக்கு மணி சொட்டுச் சொட்டாக ஏறும் விதி. ஒவ்வொரு மணிக்கும் பெருக்கிப் பிரித்துக்கொண்டு போனால், பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் வீங்கி, கடைசியில் ஒரேயொரு எண் திரை முழுவதையும் நிரப்பிக்கொண்டு நின்றது. இரண்டாவது, புற்றுநோய் மருந்து. உடம்பின் மேற்பரப்பைக் கணித்து அளவு சொல்லவேண்டும். உயரத்தையும் நிறையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். வர்க்கமூலம் பின்னத்துக்குள் அடங்காது. அங்கே கிட்டத்தட்டத்தான் முடியும்.

"அப்படியென்றால் பழையபடி மிதவைப்புள்ளிதானே?" என்றார் கார்ஸ்டன்.

"அந்த இடத்தில் மட்டும். ஆனால் இது கிட்டத்தட்ட வந்த எண் என்று மொழி அதை மறைக்காமல் சொல்லவேண்டும்."

அவளுடைய வடிவம் இவ்வளவுதான். மொழியில் இரண்டு வகை எண்கள். எழுதியதெல்லாம் சரி எண். கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் பிரித்தாலும் சரி எண்ணாகவே இருக்கும். வர்க்கமூலம் எடுத்தால் அது அண்ணளவு எண், அதாவது கிட்டத்தட்ட வந்த எண், ஆகிவிடும். இரண்டையும் ஒப்பிடவேண்டுமென்றால் எத்தனை தசம தானத்துக்கு என்று விதி எழுதுகிறவர் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் விதி ஓடாது. மாதம் முழுக்க ஏறும் மருந்துக்கும் அப்படியே. மருந்தேற்றும் பம்பு எந்த அளவு நுணுக்கத்துக்குத் தள்ளுமோ, அந்தத் தானத்துக்கு ஒவ்வொரு மணியும் மட்டந்தட்டச் சொல்லி, அதாவது மிச்சத்தைக் கிட்டிய இலக்கத்தோடு நிறுத்தச் சொல்லி, விதியிலேயே எழுதவேண்டும். எங்கே மட்டந்தட்டுவது என்பதை நிரல் எழுதுகிறவர்கள் களவாகத் தீர்மானிக்கக்கூடாது, மருந்து தெரிந்தவர் கையெழுத்துப் போடுவதுபோல வெளிப்படையாகத் தீர்மானிக்கவேண்டும் என்றாள்.

தன் வாதத்தின் பலவீனங்களை எதிரி கண்டுபிடிக்கும் முன்னரே மேசையில் எடுத்து வைக்கிற ஆளை நான் இந்தப் பதினான்கு வருடத்தில் வேறு பார்க்கவில்லை. மேல்மாடி வகுப்பில் வீம்பு என்று நான் நினைத்ததற்குச் சரியான பெயர் நேர்மை என்று அந்தக் கூட்டத்தில்தான் எனக்கு விளங்கியது. ஒரு விடை சரியாக இருக்கக்கூடிய இடத்தில் கிட்டத்தட்ட என்று எழுதமாட்டாள். கிட்டத்தட்டத்தான் முடியும் என்ற இடத்தில் சரி என்று சொல்லமாட்டாள்.

கார்ஸ்டன் எழுந்து ஜன்னலைத் திறந்தார். பிறகு, எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார்.

6

மூன்று மாதம் எடுத்தது. என் காலை இங்கே தொடங்கும்போது அங்கே அவளுக்கு மத்தியானம். நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ட்ராமில் இருந்தபடியே அவள் எழுதியவற்றை வாசிப்பேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். மின்சாரம் நின்றால் அவள் மடிக்கணினியோடு ஹெவ்லொக் டவுனில் அக்கா வீட்டுக்கு ஓடுவாள். அங்கிருந்து பேசும்போது அக்காவின் பிள்ளைகள் பின்னால் சண்டை பிடிப்பார்கள்.

அண்ணளவு எண்ணுக்குத் திரையில் என்ன அடையாளம் போடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு கிழமை இழுபறி. நான் சாம்பல் நிறம் என்றேன்.

"நிறம் தெரியாத ஆக்கள் இருக்கினம். முன்னுக்கு ஒரு சொல்லுப் போடும். 'ஏறத்தாழ' எண்டு."

"இடம் காணாது, ஜெசி."

"இடத்தைக் காணப்பண்ணும். மருந்தை விடவா இடம் முக்கியம்?"

ஜேர்மன் சொல் தமிழை விட நீளம். இடத்தைக் காணப்பண்ணினேன்.

இடையில் கார்ஸ்டன் அவளை இங்கே வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டார். வீசா அலுவல்களை எல்லாம் நிறுவனமே பார்க்கும் என்றார். நானும் ஆசையோடுதான் சொன்னேன். ஒருநாள் யோசித்துவிட்டு, "இஞ்ச இருந்து செய்யிறதில ஏதும் குறை இருக்கே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் என்னைப் பற்றியவையாக இருந்தன. அவள் அங்கிருந்தே செய்வாள் என்று கார்ஸ்டனிடம் சொல்லிவிட்டேன்.

புதிய மொழி போய்ச் சேர்ந்த முதல் கிழமை, மருந்தாளர்களிடமிருந்து முறைப்பாடுகள் குவிந்தன. முன்னர் பேசாமல் ஓடின விதிகள் இப்போது நின்று, எத்தனை தானத்துக்கு என்று கேட்கின்றன. கார்ஸ்டன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டாவது கிழமை திருமதி லிண்ட்னர் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தன் விதிகளை உட்கார்ந்து வாசித்தபோது, அவற்றில் மூன்றில், எங்கே மட்டந்தட்டவேண்டும் என்று தாங்களே ஒருபோதும் பேசி முடிவெடுக்கவில்லை என்று கண்டுபிடித்தாராம். முறைப்பாடுகள் மெல்லக் குறைந்தன.

7

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம் திருமதி லிண்ட்னர் கூப்பிட்டார். அதே விடுதி, அதே தாதி. திரை சிவந்திருக்கிறது. மாதக்கணக்காக அந்த விடுதியில் சிவக்கவே இல்லை. தாதி கையை எடுத்துவிட்டார். மருந்துச் சீட்டைத் திரும்ப வாசித்தார். அதில் அளவு குழந்தையின் பழைய நிறைக்கே கணிக்கப்பட்டிருந்தது. அந்தக் கிழமை நிறை இறங்கியிருந்தது, கணினியில் புதிய நிறைதான் இருந்தது.

நன்றியை உரிய ஆளிடம் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அவள் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், நெரிசலில் நின்றுகொண்டிருந்தாள். ஹோர்ன் சத்தத்துக்கு மேலால் நான் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

"சிவப்பைக் கண்டவுடன அந்த நேர்ஸ் என்ன செய்தவ?" என்று கேட்டாள்.

"நிண்டு வாசிச்சவவாம். பிறகு டொக்டரைக் கூப்பிட்டவவாம்."

"தொடர்க எண்டு அமத்தேல்லையே?"

"இல்லை."

அவள் நடத்துனரிடம் சிங்களத்தில், அடுத்த தரிப்பில் இறங்கவேண்டும் என்று சொல்வது கேட்டது.

"சுதன், நாங்கள் செய்தது சரி, என்ன?" என்றாள்.

நான் அவளை அறிந்த இத்தனை வருடத்தில் ஒன்று சரியா என்று அவள் இன்னொருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரி" என்றேன்.